எடை மேடைக்குப் போய்விட்டு ஷோரூமுக்குப் போங்கள்

கேள்வி: திருவொற்றியூரில் வசிக்கிறோம். வீட்டில் ஐந்து பேர். விடுமுறைக்குப் பழவேற்காடு, ஏலகிரி, ஏற்காடு என்று போய்த் தங்குவதற்காக, படுக்கையும் சின்னச் சமையல் மேடையும் உள்ள கேரவன் டிரெய்லர் ஒன்றைக் கட்டப் பேசியிருக்கிறோம். ஒற்றை அச்சு, முன் கம்பியோடு 5.5 மீட்டர் நீளம், எடை 950 கிலோ என்கிறார் கட்டுபவர். அதை இழுக்க டீசல் பிக்கப் வாங்க வேண்டும். பொலிரோ கேம்பர், இசுசு வி-கிராஸ், டொயோட்டா ஹைலக்ஸ் மூன்றும் மனதில் உள்ளன. ஹைலக்ஸ் 3500 கிலோ இழுக்கும் என்று வீடியோக்களில் பார்த்தேன். பழைய 2.5 லிட்டர் வி-கிராஸ் ஒன்றும் விலைக்கு வந்திருக்கிறது. மற்ற நாட்களில் இதே வண்டியில்தான் பாரிமுனைக் கடைக்குப் போய்வருவேன். எதை எடுக்கலாம்?

பதில்: புதிய 1.9 லிட்டர் வி-கிராஸ் எடுங்கள். ஆட்டோமேட்டிக் கியர் அவசியம், நான்கு சக்கர இயக்கம் முடிந்தால். கேம்பர் வேண்டாம். ஹைலக்ஸ் நன்றாகவே இழுக்கும், ஆனால் நீங்கள் எழுதியிருக்கிற டிரெய்லருக்கு அது அதிகம். இந்த விடை, டிரெய்லர் சாமான்களோடு 1400 கிலோவைத் தாண்டாத வரைதான் செல்லும். அதனால் வண்டிக்கு முன்பணம் கட்டுவதைக் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள்.

கட்டுபவர் சொன்ன 950, காலிக் கூட்டின் எடை. அதற்குள் போகப்போவதைக் கூட்டிப் பாருங்கள். 100 லிட்டர் தண்ணீர்த் தொட்டி நிரம்பினால் 100 கிலோ. இன்வெர்ட்டருக்குப் போடும் 150 ஆம்பியர் டியூபுலர் பேட்டரி ஏறக்குறைய 55. ஒரு டன் ஸ்பிளிட் ஏசி, உள்ளே வெளியே இரண்டும் சேர்த்து 40. ஸ்டெப்னி 20. 5 கிலோ காஸ் சிலிண்டர் இரும்போடு 13. பாத்திரம், அடுப்பு, மெத்தை, மடக்கு நாற்காலி, துணிமணி எல்லாம் 100 கிலோவில் அடங்கினால் உங்கள் வீட்டார் சிக்கனமானவர்கள். மொத்தம் 328. டிரெய்லர் 1280-ஐத் தொட்டுவிட்டது. பிளைவுட் ஒரு சுற்றுத் தடித்தாலோ, தரைக்குச் செக்கர்டு பிளேட் போட்டாலோ இன்னும் ஏறும். 1400 என்று கணக்கு வைப்பது அதனால்தான்.

வட சென்னையில் இருப்பதில் ஒரு வசதி உண்டு. லாரிகளுக்காக மணலி, மாதவரம் பக்கம் எடை மேடைகள் நிறைய. கடைசித் தவணைப் பணம் கொடுக்கும் முன் டிரெய்லரை மேடையில் ஏற்றிச் சீட்டு வாங்குங்கள். காலி எடை இத்தனை கிலோவுக்கு மேல் போகக் கூடாது என்பதை ஒப்பந்தத்திலும் எழுதச் சொல்லுங்கள். வாய்ச்சொல்லாக இருந்தால் 950 எளிதில் 1100 ஆகிவிடும்.

அடுத்தது கொக்கி எடை. டிரெய்லரின் முன்மூக்கு, வண்டியின் பின்னே மாட்டும் இழுவைப் பிணைப்பான ஹிட்ச்சின் உருண்டை மீது கீழ்நோக்கி அமுக்கும் எடை இது. டிரெய்லரின் மொத்த எடையில் 10 விழுக்காட்டை ஒட்டி இருக்க வேண்டும். உங்களுக்கு 140 கிலோ. 6, 7 விழுக்காட்டுக்குக் கீழே போனால் வேகத்தில் டிரெய்லரின் பின்பக்கம் பாம்பு போல ஆடத் தொடங்கும். அதிகமானால் பிக்கப்பின் பின்பக்கம் உட்கார்ந்து, முன்சக்கரங்களின் பிடி குறையும்.

140 கிலோ கொக்கியில் இறங்கினால் பின் அச்சில் 140 மட்டும் ஏறுவதில்லை. வி-கிராஸ், ஹைலக்ஸ் இரண்டிலும் முன் பின் அச்சுகளுக்கு இடையே சுமார் 3.1 மீட்டர். பின் அச்சிலிருந்து உருண்டை வரை 1.25 மீட்டர் என்று வையுங்கள். சீசா பலகைக் கணக்குத்தான்: பின் அச்சில் 196 கிலோ ஏறும், முன் அச்சிலிருந்து 56 கிலோ தூக்கப்படும். இரவில் ஹெட்லைட் எதிரே வருபவர் கண்ணில் அடிப்பதும், மழையில் ஸ்டியரிங் லேசாவதும் இதனால்தான்.

கொக்கி எடையை வீட்டு எடைக் கருவியிலேயே பார்க்கலாம். சமதளத்தில் ஒரு தடித்த பலகை. அதன் ஒரு முனை செங்கல் மீதும் மறுமுனை எடைக் கருவி மீதும், இரண்டு இடத்திலும் ஒரு சிறு குழாயின் மேல் உட்காரட்டும். குழாய்களுக்கு இடையே 90 சென்டிமீட்டர். டிரெய்லர் மூக்கை, செங்கல் பக்கக் குழாயிலிருந்து 30 சென்டிமீட்டரில் இறக்குங்கள். கருவி காட்டுவதை மூன்றால் பெருக்கினால் கொக்கி எடை. பலகையின் எடையை முதலிலேயே கழித்துவிடுங்கள். 47 கிலோ காட்டினால் 141. டிரெய்லரில் சாமான் எல்லாம் ஏற்றிய பிறகு பார்க்க வேண்டும், முன்னால் அல்ல.

தண்ணீர்த் தொட்டி எங்கே வருகிறது என்று கட்டுபவரிடம் இன்றே கேளுங்கள். பின்பக்கக் கட்டிலுக்குக் கீழே இடம் இருக்கிறதே என்று அங்கே வைத்துவிடுவார்கள். அச்சுக்கு 1.5 மீட்டர் பின்னால் 100 கிலோ, அச்சிலிருந்து கொக்கிக்கு 3.5 மீட்டர் என்றால் கொக்கியில் 43 கிலோ குறையும். 140 இருந்தது 97 ஆகிவிடும், அதாவது 7 விழுக்காடு. தொட்டி நிரம்பியபோது ஆடும், காலியானால் ஆடாது, காரணம் யாருக்கும் புரியாது. தொட்டி அச்சுக்கு நேர் மேலே இருக்கட்டும். பேட்டரி அச்சுக்குச் சற்று முன்னால்.

இனி ஐந்து பேர். வண்டியின் ஆர்.சி.யில் காலி எடை, மொத்த எடை என்று இரண்டு எண்கள் இருக்கும். கழித்தால் வருவதுதான் நீங்கள் ஏற்றக்கூடியது. ஆட்கள், பெட்டி, கொக்கி எடை மூன்றும் அதற்குள் அடங்க வேண்டும். ஓட்டுபவரையும் சேர்த்து ஆளுக்கு 65 என்றால் 325, அதோடு கொக்கி 140, ஆக 465. கழித்து வந்த எண் 450 என்றால் பின்தொட்டியில் ஒரு பக்கெட் வைக்கும் முன்னரே அளவு தாண்டிவிட்டீர்கள். எஞ்சின் பெரிதாயிருந்தால் இந்த எண்ணும் பெரிதாயிருக்கும் என்று நினைக்காதீர்கள். பெரிய எஞ்சினும் கியர்பாக்ஸும் தங்கள் எடையை மொத்த எடையிலிருந்தே எடுத்துக்கொள்ளும். மூன்று வண்டிக்கும் இந்தக் கழித்தலைப் போட்டுப் பாருங்கள். பின்பக்கக் கமானுக்குக் கூடுதல் பட்டை போட்டுக்கொள்ளலாம் என்று பட்டறையில் சொல்வார்கள். பட்டை போட்டால் வண்டி நிமிரும். பிரேக்கும் அச்சும் பேரிங்கும் பழையவைதான், ஆர்.சி.யில் எண்ணும் மாறாது.

வீடியோவில் பார்த்த 3500 கிலோவுக்கு வருவோம். அது ஆஸ்திரேலியாவில் விற்கும் நான்கு சக்கர இயக்க ஹைலக்ஸுக்கு, அதுவும் பிரேக் உள்ள டிரெய்லருக்குச் சொன்ன அளவு. பிரேக் இல்லாத டிரெய்லருக்கு அதே வண்டிக்கு 750 கிலோதான். வி-கிராஸுக்கு வெளிநாட்டில் டி-மேக்ஸ் என்று பெயர், அதற்கும் அங்கே 3500 என்பார்கள், ஆனால் அது 3 லிட்டர் எஞ்சினுக்கு. இங்கே வருவது 1.9. நம் ஊர் விற்பனைக் கையேடுகளில் இழுவை அளவு என்ற வரியே பெரும்பாலும் இருப்பதில்லை. அதனால் எண்ணை வெளிநாட்டிலிருந்து கடன் வாங்காமல், உங்கள் மாடலுக்கு எத்தனை கிலோ இழுக்கலாம், ஹிட்ச் பொருத்தினால் வாரன்டி நிற்குமா என்ற இரண்டு கேள்வியையும் நிறுவனத்துக்கே மின்னஞ்சலில் கேளுங்கள். விற்பனைப் பிரதிநிதி தலையாட்டுவது பதில் ஆகாது.

எஞ்சினைப் பற்றி இப்போது பேசலாம். வி-கிராஸ், ஆட்கள், டிரெய்லர் எல்லாம் சேர்ந்து 3.7 டன் வரும். மலைப்பாதையில் 8 விழுக்காடு ஏற்றத்தில் 40 கிலோமீட்டர் வேகத்தில் ஏற, சக்கரத்தில் 38 கிலோவாட் வேண்டும். கியர்பாக்ஸ், அச்சில் போகும் நட்டத்தையும் சேர்த்தால் எஞ்சின் 60 குதிரைத் திறனுக்கு மேல் தர வேண்டும். கேம்பரின் 2.5 லிட்டர் எஞ்சின் உச்சத்தில் 75 குதிரை, 200 நியூட்டன் மீட்டர். வண்டி சற்று லேசானது என்றாலும், ஏறுகிற நேரம் முழுக்க மூச்சு வாங்கிக்கொண்டே ஏறும். முதல் கியருக்கும் இரண்டாம் கியருக்கும் நடுவே கிளட்ச் பிளேட் தேயும். தவிர அது சரக்கு வண்டிப் பதிவில் வருவது, எஃப்.சி. என்ற தகுதிச் சான்று வேலை சேரும். கேம்பர் நல்ல உழைப்பாளிதான், காசிமேட்டில் மீன் பெட்டி ஏற்றிப் போவதற்கு அதைவிடச் சிக்கனமான வண்டி கிடையாது. இது வேறு வேலை.

வி-கிராஸ் 163 குதிரை, 360 நியூட்டன் மீட்டர். அந்த 360 கிடைப்பது 2000 முதல் 2500 சுற்றுக்குள். ஹைலக்ஸின் 2.8 லிட்டர் 204 குதிரை, மேனுவலில் 420, ஆட்டோமேட்டிக்கில் 500. டிரெய்லர் 1800 கிலோவைத் தாண்டும் என்றால் ஹைலக்ஸ் ஆட்டோமேட்டிக் என்றுதான் எழுதியிருப்பேன். 1400-க்கு 360 போதும். ஆட்டோமேட்டிக் எடுக்கச் சொல்வதற்குக் காரணம் சொகுசு மட்டும் அல்ல. எண்ணூர் சாலையில் கன்டெய்னர் வரிசைக்குப் பின்னால் அங்குலம் அங்குலமாக நகரும்போதும், சரிவில் டிரெய்லரைப் பின்னுக்குத் தள்ளும்போதும் மேனுவல் வண்டியில் கிளட்ச்தான் எரியும். ஆட்டோமேட்டிக்கில் கிளட்ச்சின் இடத்தில் இருக்கும் டார்க் கன்வெர்ட்டர் அந்தச் சூட்டை எண்ணெயில் வாங்கிக்கொள்ளும். அதற்குப் பதிலாக கியர்பாக்ஸ் எண்ணெயை, இழுவைக்கு ஓட்டும் வண்டிக்குரிய குறைந்த இடைவெளியில் மாற்றுங்கள்.

பாரிமுனை ஓட்டம் எனக்குக் கவலை தருகிறது. பி.எஸ்.6 டீசலில் புகைக்கரியைப் பிடிக்கும் டி.பி.எஃப். வடிகட்டி இருக்கிறது. கரியை எரிக்க அதற்கு 550, 600 டிகிரி சூடு வேண்டும். திருவொற்றியூர் நெடுஞ்சாலை நெரிசலில் தினமும் நின்று நின்று போனால் அந்தச் சூடு வராது, வடிகட்டி அடைத்துக்கொண்டு விளக்கு எரியும். வாரம் ஒருமுறை அரை மணி நேரம் தச்சூர், கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒரே சீராக 60, 70-இல் ஓட்டிவிட்டு வாருங்கள். எரிப்பு நடக்கும்போது பாதியில் அணைத்து அணைத்துப் போட்டால் டீசல் எஞ்சின் ஆயிலோடு கலந்து, டிப் ஸ்டிக்கில் அளவு ஏறும். ஆயில் குறையவில்லையே என்று மகிழ வேண்டாம், அது கெட்ட செய்தி.

இழுப்பதைவிட நிறுத்துவதுதான் பெரிய வேலை. பிக்கப்பும் ஆட்களும் 2.3 டன். பிரேக்கை அழுத்தினால் 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 20 மீட்டரில் நிற்கிறது என்று வைப்போம். பின்னால் பிரேக் இல்லாத 1.4 டன் தள்ளினால், அதே பிரேக் விசைக்கு 32 மீட்டர் ஆகும். மணலிச் சாலையில் முன்னால் போகும் டிரெய்லர் லாரிக்கும் உங்களுக்கும் நடுவே அந்த 12 மீட்டர் இருக்காது. எனவே டிரெய்லரில் பிரேக் கட்டாயம். இரண்டு வகை உண்டு. வண்டி வேகம் குறைக்கும்போது டிரெய்லர் முன்னே தள்ளும் விசையாலேயே கம்பி இழுபட்டு டிரம் பிடிப்பது ஒன்று. எளிமையானது, மின்சாரம் வேண்டாம். ஆனால் பின்னுக்குத் தள்ளும்போதும் பிடித்துக்கொள்ளும், அதனால் தானாக விடுவிக்கும் டிரம் உள்ளதா என்று பார்த்து வாங்க வேண்டும். மற்றொன்று மின்காந்த டிரம், ஓட்டுநர் இருக்கை அருகே கட்டுப்பெட்டியோடு. விலை கூடுதல். டிரெய்லர் ஆடும்போது அதன் பிரேக்கை மட்டும் கையால் பிடிக்க முடிவது இதன் பெரிய பலன். ஏலகிரி, ஏற்காடு போகிறவர் என்பதால் இதைத்தான் பரிந்துரைப்பேன். எதுவானாலும், கொக்கி கழன்றால் டிரெய்லரின் பிரேக்கைத் தானே இழுத்துவிடும் அறுபடு கம்பியும், கொக்கிக்குக் கீழே குறுக்காகப் போட்ட இரண்டு சங்கிலியும் இருக்க வேண்டும்.

ஹிட்ச்சைப் பம்பரில் மாட்டக் கூடாது. சேஸின் இரண்டு பக்கச் சட்டத்திலும் போல்ட்டால் பிணைக்க வேண்டும். சேஸில் வெல்டிங் வைத்தால் அந்த இடம் பலமிழந்து பின்னாளில் வெடிப்பு விடும். போல்ட் தலையில் அதன் பலத்தைக் காட்டும் எண் 10.9 அல்லது குறைந்தது 8.8 என்று பொறித்திருக்க வேண்டும். உருண்டை அளவு 50 மில்லிமீட்டரா, 2 அங்குலமா என்று டிரெய்லர் கட்டுபவரும் ஹிட்ச் போடுபவரும் பேசிக்கொள்ளட்டும். 2 அங்குலம் என்பது 50.8. அந்தக் கிண்ணத்தில் 50 உருண்டை போட்டால் மாட்டிக்கொள்ளும், குழியில் விழும்போது துள்ளிக் கழன்றும் விடும். ஹிட்ச்சில் டி-மதிப்பு என்று, அது தாங்கும் இழுவிசையைச் சொல்லும் ஒரு எண் பொறித்திருக்கும். 2.6 டன் மொத்த எடை வண்டிக்கும் 1.4 டன் டிரெய்லருக்கும் அது 9 கிலோநியூட்டன் வேண்டும், 12-க்கு மேல் உள்ளதாக வாங்குங்கள். நான்கு சக்கர இயக்க வண்டி உயரமாக நிற்கும், ஆகவே உருண்டையை இறக்கும் வளைவுக் கை தேவைப்படலாம். மாட்டிய பிறகு டிரெய்லர் தரைக்கு இணையாக நிற்க வேண்டும்.

டெயில் லைட் ஒயரில் கீறி இணைப்பு எடுக்க எலக்ட்ரீஷியனை விடாதீர்கள். இன்றைய வண்டியில் விளக்குகளைக் கம்ப்யூட்டர் கண்காணிக்கிறது. கூடுதல் பல்பின் மின்னோட்டம் பார்த்ததும் பிழை காட்டும் அல்லது ஃபியூஸ் போகும். பேட்டரியிலிருந்து தனி மின்சாரம் எடுக்கும் டிரெய்லர் மாட்யூல் போடுங்கள். ஏழு பின் இணைப்பில் வெள்ளை எர்த், மஞ்சள் இடது இண்டிகேட்டர், பச்சை வலது இண்டிகேட்டர், சிவப்பு பிரேக், கறுப்பு இடது டெயில், பழுப்பு வலது டெயில். எர்த்துக்குத் தனி ஒயர் வேண்டும். கொக்கி உருண்டை வழியே எர்த் வரட்டும் என்று விட்டால், கிரீஸும் கடலுப்பும் சேர்ந்து பிரேக் போட்டால் இண்டிகேட்டர் மினுக்கும்.

தாள்கள். டிரெய்லருக்குத் தனி ஆர்.சி., தனி எண், தனி மூன்றாம் நபர் காப்பீடு வேண்டும். கட்டுபவரிடம் சாலைத் தகுதிச் சான்றுக்கு ஃபாரம் 22, விற்பனைச் சான்றுக்கு ஃபாரம் 21, மத்திய மோட்டார் வாகன விதிகளில் ரூல் 126-இன் கீழ் பெற்ற வகை ஒப்புதல் சான்றின் நகல் மூன்றையும் கேளுங்கள். அந்தச் சோதனையைச் செய்யும் மையங்களில் ஒன்று ஓரகடத்திலேயே இருக்கிறது, எனவே முடியாது என்ற சாக்கு எடுபடாது. நகலை எடுத்துக்கொண்டு உங்கள் பகுதி ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் காட்டி, பதிவாகுமா என்று கேட்ட பிறகே கட்டுபவருக்குப் பணம் கொடுங்கள். சான்று இல்லை, பார்த்துக்கொள்ளலாம் என்று அவர் சொன்னால் வேறு ஆளைத் தேடுங்கள். பதிவில்லாத டிரெய்லர் மோதினால் பிக்கப்பின் காப்பீட்டுக் கோரிக்கையும் சிக்கலில் மாட்டும். ஓடும் டிரெய்லருக்குள் யாரும் உட்காரக் கூடாது, குழந்தைகள் எவ்வளவு கெஞ்சினாலும்.

பழைய வி-கிராஸைப் பற்றி: அதன் 2.5 லிட்டர் எஞ்சின் 134 குதிரை, 320 நியூட்டன் மீட்டர். இழுக்கும். பி.எஸ்.4 என்பதால் வடிகட்டித் தொல்லையும் குறைவு, உங்கள் பாரிமுனை ஓட்டத்துக்கு அது ஒரு பலமே. ஆனால் எண்ணூர், ராயபுரம் கரையோரமாகவே ஓடிய வண்டி என்றால் லிஃப்டில் தூக்கிப் பார்க்காமல் வாங்காதீர்கள். பின் கமான் பட்டையின் கண், ஷாக்கிள், சேஸ் சட்டத்தின் உள்பக்கம், பிரேக் குழாய் ஆகியவற்றைச் சுத்தியல் கைப்பிடியால் தட்டுங்கள். சத்தம் கணீரென்று வராமல் மொத்தென்று வந்தால், செதில் செதிலாக உதிர்ந்தால், விட்டுவிடுங்கள். புதிதாகச் சேஸ் பெயின்ட் அடித்திருந்தால் சந்தேகம் இன்னும் கூட வேண்டும். டிஃபரன்ஷியல் எண்ணெயைக் கொஞ்சம் வடித்து விரலில் தேய்த்துப் பாருங்கள், மினுமினுவென்று இரும்புத் தூள் தெரியக் கூடாது. பழவேற்காடு போய் வந்த ஒவ்வொரு முறையும் புதிய வண்டியானாலும் அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் கழுவுங்கள். டிரெய்லர் சேஸை பெயின்ட் அடிக்காமல் உருகிய துத்தநாகத்தில் முக்கியெடுக்கும் ஹாட் டிப் கால்வனைஸ் செய்யச் சொல்லுங்கள். சக்கர பேரிங்குக்கு ஆண்டுக்கு ஒருமுறை புது கிரீஸ்.

நிறுத்துமிடத்தை முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். 5.3 மீட்டர் வண்டியும் 5.5 மீட்டர் டிரெய்லரும் சேர்ந்து பழைய திருவொற்றியூர்த் தெருவுக்குள் திரும்பாது. டிரெய்லரை மாதவரம், செங்குன்றம் பக்கம் ஏதாவது யார்டில் வாடகைக்கு விட்டு, பிக்கப்பை மட்டும் வீட்டில் வைப்பதே நடைமுறை.

மலையிலிருந்து இறங்கும்போது என்ன நடக்கும் என்பதற்கு ஒரு கணக்கு. 3.7 டன் 500 மீட்டர் உயரம் இறங்கினால் வெளியாகும் சூடு, நாலு குடம் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். அத்தனையும் பிரேக் டிரம்முக்குப் போனால் பிரேக் மிதி பாதி வழியில் மென்மையாகும். ஏறிய கியரிலேயே இறங்குங்கள், ஆட்டோமேட்டிக்கானாலும் கையால் இரண்டாம் கியருக்கு மாற்றிக்கொண்டு. பிரேக்கைத் தொட்டுக்கொண்டே வராமல், வேகம் ஏறும்போது ஒருமுறை நன்றாகப் பிடித்து, விட்டுவிட வேண்டும். ஏலகிரியின் 14 கொண்டை ஊசியில் பழகிய பிறகு ஏற்காட்டின் 20-க்குப் போங்கள். சமதளத்தில் 80-க்கு மேல் வேண்டாம். 100-இல் காற்றின் எதிர்ப்பு ஒன்றரை மடங்குக்கு மேல், டீசல் அங்கேதான் போகும். டிரெய்லர் ஆடத் தொடங்கினால் ஆக்சிலேட்டரை விடுங்கள், ஸ்டியரிங்கை நேராகப் பிடியுங்கள், டிரெய்லர் பிரேக்கை மட்டும் கையால் மெதுவாக அழுத்துங்கள். பிக்கப்பின் பிரேக்கைத் திடீரென மிதித்தால் ஆட்டம் கூடும். நின்ற பிறகு கொக்கி எடையை மறுபடி அளந்து, பின்பக்கம் எதை ஏற்றினீர்கள் என்று பாருங்கள்.